பல்கேரியாவைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது?

பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி கோஸ்போதினோவின் ‘டைம் ஷெல்டர்’ நாவலை, சர்வதேச புக்கர் பரிசுச் செய்தி கேட்டு வாங்கிப் படித்ததாகவும், ஜூரிக் மருத்துவமனைப் பகுதி வரை ஆர்வத்தோடு போன வாசிப்பு, கதை பல்கேரியாவுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். நாட்டுப்புற உடை தரித்த கூட்டம் ஒருபக்கம், சோஷலிசக் காலத்தைத் திரும்பக் கேட்கும் கூட்டம் மறுபக்கம், இரண்டையும் ஆசிரியர் எதற்காகக் கிண்டல் செய்கிறார் என்பது பிடிபடவில்லை என்றீர்கள். அந்த நாட்டையும் அதன் எழுத்தாளர்களையும் புரிந்துகொள்ள எந்தெந்த நூல்களைப் படிக்கலாம் என்பது உங்கள் கேள்வி. இதற்குப் பத்துப் பெயர்களை வரிசையாக எழுதி அனுப்பிவிடலாம். ஆனால் பெயர்ப்பட்டியல் எவருக்கும் பயன்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எதற்குப் பிறகு எதைப் படித்தால் எது விளங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உதவியாக இருக்கும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கும் பல்கேரியா என்ற பெயர் முதலில் வந்தது பெர்னார்ட் ஷாவின் ‘ஆர்ம்ஸ் அண்ட் த மேன்’ நாடகத்தின் வழியாகத்தான். 1885-ஆம் ஆண்டு செர்பிய-பல்கேரியப் போரின் பின்னணியில், வீட்டில் நூலகம் வைத்திருப்பதையே பெரிய பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெட்கோஃப் குடும்பத்தைப் பார்த்து நாமும் வகுப்பில் சிரித்திருக்கிறோம். ஆனால் ஷா அந்த நாடகத்தை முதலில் எந்த நாட்டையும் குறிப்பிடாமல் எழுதிவிட்டு, பொருத்தமாக ஒரு போர் வேண்டுமென்று நண்பரிடம் கேட்டு, அதன் பிறகே பல்கேரியாவைப் பொருத்தினார். ஆகவே அங்கே காண்பது ஒரு மேடைத் திரை மட்டுமே. அந்தச் சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு வாருங்கள். பல்கேரியர்கள் தங்களைத் தாங்களே பார்த்துச் சிரித்த சிரிப்பு அதைவிடக் கூர்மையானது.

பல்கேரிய எழுத்தின் அடியோட்டத்தைப் பிடிக்க 1762-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஆட்டமன் ஆட்சியின் கீழ் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. அரசு துருக்கியருடையது, தேவாலயமோ கிரேக்கர்களின் பிடியில் இருந்தது. படித்தவன் என்று காட்டிக்கொள்ள விரும்பிய பல்கேரியன் கிரேக்கம் பேசினான். அந்தச் சூழலில், கிறித்தவத் துறவியர் வாழும் ஆதோஸ் மலையின் ஹிலாந்தர் மடத்தைச் சேர்ந்த பைசி என்ற துறவி, தம் மக்களுக்கென ஒரு சிறிய வரலாற்று நூலை எழுதி முடித்தார். ‘ஸ்லாவிய பல்கேரிய வரலாறு’ என்பது அதன் பெயர். வரலாற்று ஆராய்ச்சி என்ற அளவில் அதில் பிழைகள் உண்டு. அதைப் பற்றி அங்கே எவரும் கவலைப்படுவதில்லை. அதன் முன்னுரையில் பைசி தம் வாசகனை, அறிவில்லாதவனே, உன்னைப் பல்கேரியன் என்று சொல்லிக்கொள்ள ஏன் வெட்கப்படுகிறாய் என்று முகத்துக்கு நேராகத் திட்டுகிறார். அந்த ஒரு வசவுதான் நூலை வாழவைத்தது. அது உடனே அச்சேறவில்லை. ஊர் ஊராகக் கைப்பிரதி எடுக்கப்பட்டது. 1765-இல் கோத்தெல் என்ற சிற்றூரில் முதன்முதலாகப் பிரதி எடுத்தவர்களுள் ஒருவரான பாதிரியார், பின்னாளில் சொஃப்ரோனி என்ற பெயரில் ஆயராகி, தம் துன்பங்களைத் தாமே எழுதிவைத்தார். பைசியை நீங்கள் முழுவதும் படிக்க வேண்டுமென்று சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியை மட்டும் மனத்தில் வையுங்கள்: ஏன் வெட்கப்படுகிறாய்? பிற்காலத்தில் வந்த பெரிய எழுத்தாளர்களில் பலர், அறிந்தோ அறியாமலோ, அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நான் பரிந்துரைக்கும் முதல் முழு நூல், அந்தப் பதில்களிலேயே மிகவும் குறும்பானது: அலெக்கோ கான்ஸ்தந்தினோவ் எழுதி 1895-இல் வெளிவந்த ‘பாய் கன்யோ’. ‘பாய்’ என்பது வயதில் மூத்த ஆணை ஊரில் உரிமையோடு அழைக்கும் சொல். நெல்லைப் பக்கத்து ‘அண்ணாச்சி’யை நினைத்துக்கொள்ளலாம். கன்யோ அண்ணாச்சி ரோஜா அத்தர் வியாபாரி. இடுப்பில் அகலக் கச்சை, தோளில் ஜோடிப் பை, அந்தப் பைக்குள் அத்தர்க் குப்பிகள். அவற்றை எவனாவது திருடிவிடுவானோ என்ற ஓயாத சந்தேகம். நூலின் முதல் வாக்கியத்திலேயே, துருக்கியப் போர்வையை அவர் தோளிலிருந்து இறக்கி வைக்கிறார்கள், அவர் ஒரு பெல்ஜிய மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார், உடனே எல்லாரும் அவர் முழு ஐரோப்பியராகிவிட்டதாகச் சொல்லிவிடுகிறார்கள். நண்பர்கள் கூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு கன்யோ கதை சொல்வதாக அமைந்த நூல் இது. ஒருவர் அவரை ரயிலில் பார்த்திருப்பார், ஒருவர் ஓபராவில், ஒருவர் பிராகில் பேராசிரியர் வீட்டில்.

அவற்றுள் வியன்னாக் குளியலறைக் காட்சியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், நானும் அதையே காட்டுகிறேன். வியன்னாக்காரர்கள் அமைதியாக நீந்திக்கொண்டிருக்கும் பொதுக் குளத்தில் கன்யோ தடாலென்று குதிக்கிறார். தண்ணீர் நாலாபுறமும் தெறிக்கிறது. கரையேறி நின்று, எல்லாரும் தம்மையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், ரோமம் அடர்ந்த மார்பில் முஷ்டியால் அறைந்துகொண்டு, ‘புல்கார்! புல்காஆர்!’ என்று முழங்குகிறார். வெள்ளைக்காரனுக்கும் விளங்கட்டும் என்றுதான் சொல்லைக்கூடச் சற்றே வளைத்து உச்சரிக்கிறார். பைசி கேட்டு 133 ஆண்டுகள் கழித்து, வெட்கமே இல்லாமல் தன்னைப் பல்கேரியன் என்று சொல்லிக்கொள்ளும் மனிதன் கிடைத்துவிட்டான். ஆனால் இப்போது அவனைப் பார்த்துப் படித்த பல்கேரியர்கள் வெட்கப்படுகிறார்கள். இந்தத் திருப்பத்தில்தான் அலெக்கோவின் மேதைமை இருக்கிறது.

நூலின் பிற்பகுதியில் கன்யோ ஊர் திரும்பி, தேர்தலில் ஆட்களைத் திரட்டி அடிதடியால் வெல்கிறார், பத்திரிகை தொடங்குகிறார். அங்கே சிரிப்பு கசந்துவிடும். முற்பகுதி மட்டும் படித்துவிட்டு நகைச்சுவை நூல் என்று முடிவு கட்டியவர்கள் ஏமாந்தவர்கள். ‘அதிர்ஷ்டசாலி’ என்ற பொருள்படும் புனைபெயரில் எழுதிய அலெக்கோ, 1897 மே மாதத்தில் நண்பர் ஒருவரோடு குதிரை வண்டியில் பயணம் செய்தபோது, அந்த நண்பரைக் குறிவைத்த கொலையாளிகளின் குண்டுக்குத் தவறுதலாகப் பலியானார். குண்டு துளைத்த அவருடைய இதயம் ஸ்விஷ்தோவ் நகரில், அவர் பிறந்த வீட்டில் இன்றும் வைக்கப்பட்டிருக்கிறது. ‘பாய் கன்யோ’வின் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு 2010-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. துருக்கியச் சொற்களுக்கு அதில் விளக்கம் இருப்பது முக்கியம், ஏனென்றால் கன்யோவின் பேச்சில் எந்தச் சொல் துருக்கியம், எது புதிதாகக் கற்ற ஐரோப்பியம் என்பதில்தான் பாதிக் கிண்டல் அடங்கியிருக்கிறது.

கன்யோவுக்கு நேர்மாறான பதில் இவான் வாசோவுடையது. 1850-இல் சோப்பொத்தில் பிறந்த வாசோவ், அரசியல் காரணங்களால் ஒதெஸ்ஸாவில் தஞ்சம் புகுந்திருந்தபோது, ஊர் நினைவு வாட்ட எழுதிய நாவல் ‘அண்டர் த யோக்’. தமிழில் ‘நுகத்தடியின் கீழ்’ என்று சொல்லலாம். ‘நுகத்தடி’ என்பது பல்கேரியர்கள் ஆட்டமன் ஆட்சிக்கு வைத்த பெயர். 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் எழுச்சிதான் கதை. எழுச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. பத்தாக் போன்ற ஊர்களில் நடந்த படுகொலைகள் ஐரோப்பியப் பத்திரிகைகளை எட்டின. அதன் தொடர்ச்சியாக ரஷ்யா துருக்கியோடு போரில் இறங்க, 1878-இல் நாடு விடுதலை பெற்றது. தோற்றுப்போன எழுச்சியே விடுதலைக்கு வழி திறந்தது என்ற இந்த முரண்தான் அந்நாட்டின் ஆதிக் கதை.

நாவலின் தொடக்கத்தில் ஒரு மே மாத மாலையில் மார்க்கோ என்ற பெரிய மனிதர், முற்றத்தில் மனைவி மக்களோடு வட்டமாக உட்கார்ந்து இரவு உணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அன்றிரவு சிறையிலிருந்து தப்பிய ஒருவன் அந்த வீட்டு மதிலேறிக் குதிக்கிறான். வீட்டுக்குள் அரசியல் குதிக்கும் அந்தக் கணத்துக்குப் பிறகு கதை விறுவிறுவென்று ஓடும். பீரங்கி வாங்கப் பணமில்லாத மக்கள் செர்ரி மரத்தின் அடித்தண்டைக் குடைந்து, இரும்பு வளையம் பூட்டிப் பீரங்கி செய்தார்கள் என்பது வரலாற்றில் நடந்த செய்தி. வாசோவ் அதைக் கேலியும் கண்ணீருமாக எழுதியிருக்கிறார். எதிரியைவிடச் சுடுகிறவனுக்கே அதனால் ஆபத்து அதிகம். ஓர் அத்தியாயத்தில், அந்த மக்களை ஆட்கொண்ட ஆவேசத்தை ‘ஓர் இனத்தின் போதை’ என்றே அவர் குறிப்பிடுகிறார். தேசிய நாவல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்விக்கப்படும் ஒரு நூலுக்குள் இத்தகைய சொல் இருப்பதைக் கவனியுங்கள். இதன் முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு 1890-களிலேயே லண்டனில் வெளிவந்துவிட்டது. பதிப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மொழி சற்றுப் பழையது, பொறுத்துக்கொள்ள வேண்டும். காதல் காட்சிகளை விரைந்து கடந்துவிட்டாலும் இழப்பில்லை.

வாசோவோடு சேர்த்துக் கிறிஸ்தோ போதேவின் கவிதைகளை, ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். அவர் எழுதியவை சுமார் இருபதுதான். 1876-இல், 28 வயதில், ‘ராதெத்ஸ்கி’ என்ற ஆஸ்திரியக் கப்பலைக் கைப்பற்றி இருநூறு பேரோடு தன்யூபைக் கடந்து வந்து, சில நாட்களிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் ஜூன் 2 அன்று நண்பகலில் பல்கேரியா முழுவதும் அபாயச் சங்குகள் ஒலிக்க, நடப்பவர்கள் நடந்த இடத்திலேயே நிற்பார்கள். ஒரு கவிஞனுக்காக ஒரு நாடே அசையாமல் நிற்கும் அந்த நிமிடத்தை அறிந்திருந்தால்தான், கோஸ்போதினோவ் போன்ற ஒருவர் அதே வீரவழிபாட்டைச் சீண்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது விளங்கும்.

பெருமையும் கேலியும் இப்படி இரண்டு கரைகளாக நிற்க, நடுவே ஓடுகிற ஆறு என்று நான் நினைப்பது யோர்தான் யோவ்கோவின் சிறுகதைகள். ஒரே ஒரு பல்கேரிய எழுத்தாளரைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்று எவராவது சொன்னால், தயங்காமல் இவர் பெயரைத்தான் சொல்வேன். 1880-இல் ஷெராவ்னா என்ற மலைக் கிராமத்தில் பிறந்து, தோப்ருஜா சமவெளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர். 1927-இல் வெளிவந்த ‘ஸ்தாரா பிளானினா கதைகள்’ மலைக்கொள்ளையரும் மேய்ப்பரும் உலவும் பழங்கதைகள். அதில் ஷிபில் என்ற கொள்ளைக்காரன், தனக்காகக் காத்திருப்பது மரணம் என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு, ஆயுதமில்லாமல், கையில் சிவப்புக் கார்னேஷன் மலரோடு காதலியின் ஊருக்குள் நடந்து வரும் காட்சியை ஒருமுறை படித்தவர்கள் மறப்பதில்லை. மறுஆண்டு வந்த ‘அந்திமோவோ சத்திரத்து மாலைகள்’ ஒரு சாலையோரச் சத்திரத்தையும் அதை நடத்தும் பெண்ணையும் சுற்றிச் சுழல்கிறது. இவ்விரண்டு தொகுப்புகளையும் சேர்த்து ஜான் பர்னிப் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்.

ஆனால் யோவ்கோவின் கலையை ஒரே மூச்சில் காட்டுவது ‘கம்பியை ஒட்டி’ என்ற சிறுகதை. ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும் மொக்கான் என்ற மேய்ப்பனின் அருகே ஒரு மாட்டுவண்டி வந்து நிற்கிறது. குன்ச்சோ என்ற ஏழைக் குடியானவனும் அவன் மனைவியும் வருகிறார்கள். வண்டிக்குள் மகள் நோன்கா படுத்திருக்கிறாள். அறுவடைக் காலத்தில் வயலில் உறங்கியபோது மார்பில் பாம்பு ஊர்ந்ததால் ஏற்பட்ட அதிர்ச்சியில், நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போகிறாள். ஏதோ ஓர் ஊரில் வெள்ளைத் தகைவிலான் குருவி தென்பட்டதாம், அதைக் கண்டவர் நோய் தீருமாம் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். வழி தெரியாததால் தந்திக் கம்பியை ஒட்டியே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். வெள்ளைக் காக்கை என்று நாம் சொல்வதைப் போன்றதுதான் வெள்ளைத் தகைவிலானும். அப்படியொன்று இருக்காது என்பது மேய்ப்பனுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்ததும், நானே பார்த்தேன் அம்மா, வெள்ளை வெளேரென்று இருந்தது, நீயும் பார்ப்பாய் என்று சொல்லிவிடுகிறான். வண்டி நகர்கிறது. கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவை எல்லாம் கருப்புத் தகைவிலான்கள். கடவுளே, இந்த உலகத்தில்தான் எவ்வளவு துயரம் என்று அவன் முணுமுணுப்பதோடு கதை முடிகிறது. இந்தக் கடைசி வரி பல்கேரியர்களின் அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. கதையில் பொய் சொன்னவன் குற்றவாளியா, கருணையாளனா என்று யோவ்கோவ் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனால்தான் நூறு தடவை படித்தாலும் கதை பழசாவதில்லை.

இவருடைய சமகாலத்தவரான எலின் பெலின் சோஃபியாவைச் சுற்றியுள்ள கிராமங்களை எழுதினார். அவருடைய குறுநாவல் ‘கெராக்குகள்’ 1911-இல் வெளிவந்தது. கட்டுக்கோப்பான ஒரு கூட்டுக் குடும்பம் பாகப்பிரிவினையில் சிதறுவதை, சொற்களை எண்ணி எண்ணிச் செலவிட்டுச் சொல்லும் நூல். கிராமத்துப் பங்காளிச் சண்டையை அறிந்த எவருக்கும் அடிக்குறிப்பு தேவைப்படாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சோஷலிச ஆட்சிக் காலத்துக்கு வந்தால், திமித்தர் திமோவின் ‘புகையிலை’ நாவலின் வரலாறே ஒரு நாவல். கால்நடை மருத்துவம் பயின்று உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர் திமோவ். ‘நிக்கோத்தியானா’ என்ற சிகரெட் நிறுவனத்தையும், பணத்துக்காகக் காதலைக் கைவிடும் போரிஸையும், மெல்ல மெல்லத் தானும் அழுகும் இரினாவையும் வைத்து 1951-இல் அவர் வெளியிட்ட நாவலில், முதலாளிகள் கவர்ச்சியாகவும் கம்யூனிஸ்டுகள் மங்கலாகவும் இருப்பதாக எழுத்தாளர் சங்கத்தில் கண்டனம் எழுந்தது. விளைவாக அவர் நாவலைத் திருத்தி எழுத நேர்ந்தது. லீலா என்ற கொள்கைப் பிடிப்புள்ள தொழிலாளிப் பெண் புதிதாகச் சேர்க்கப்பட்டாள், 1954-இல் பெரிதும் பருத்த இரண்டாம் பதிப்பு வந்தது. சோஷலிச ஆட்சி விழுந்த பின் பழைய வடிவத்தை மீண்டும் அச்சிட்டார்கள். லீலா இல்லாத ‘புகையிலை’தான் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் ஓர் ஆட்சி ஒரு நாவலுக்குள் எப்படி ஆள் அனுப்பியது என்பதை அறிய லீலாவையும் ஒருமுறை சந்திக்கத்தான் வேண்டும்.

அந்த ஆட்சியை உள்ளிருந்து பார்த்து எழுதிய சாட்சியம் கியோர்கி மார்கோவின் ‘தொலைவிலிருந்து அறிக்கைகள்’. சோஃபியாவில் புகழும் வசதியும் பெற்ற எழுத்தாளராக, ஆட்சித் தலைவர் தோதோர் ஷிவ்கோவின் வட்டம் வரை நெருங்கிப் பழகியவர், 1969-இல் நாட்டை விட்டு வெளியேறினார். 1975 முதல், மேற்கிலிருந்து ஒலிபரப்பான சுதந்திர ஐரோப்பா வானொலியில் அவர் வாசித்த இந்தக் கட்டுரைகளை நாட்டு மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். 1978 செப்டம்பர் 7 அன்று லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே பேருந்துக்கு நின்றிருந்தபோது தொடையில் ஏதோ சுருக்கென்று குத்தியது. திரும்பிப் பார்த்தால் ஒருவன் குடையைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தான். நான்கு நாட்களில் மார்கோவ் இறந்தார். குண்டூசித் தலையளவு உலோகக் குண்டில் ரிசின் நஞ்சு செலுத்தப்பட்டிருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. குடைக் கொலையை அறிந்த உலகம் அவர் எழுத்தை அறியாதது பெரும் அநியாயம். இன்னார் கொன்றார், இன்னார் சிறை வைத்தார் என்பதோடு நில்லாமல், சாதாரண மனிதர்கள் சிறுசிறு சலுகைகளுக்காக எப்படி வாய்மூடப் பழகினார்கள், அதில் தாமும் எப்படி ஒருவராக இருந்தார் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார். ‘த ட்ரூத் தட் கில்ட்’ என்ற பெயரில் இதன் ஒரு பகுதி ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

வாய்மூடச் சொன்ன காலத்தில் குறுக்கு வழியாகப் பேசியவர் யோர்தான் ராதிச்கோவ். இவர் பிறந்த கலிமானித்ஸா கிராமம் ஓகோஸ்தா நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. மூழ்கிய ஊரின் பேய்களும் பேச்சும் பொய்களும் இவர் கதைகளில் வந்து குடியேறிவிட்டன. அபத்தமும் நாட்டார் கதையும் கலந்த இவர் எழுத்தை மொழிபெயர்ப்பது கடினம் என்பதால், ‘சுடும் நண்பகல்’ என்ற எளிய கதையிலிருந்து தொடங்குங்கள். ஆற்றுப் பாலத்தின் தூணிடுக்கில் ஒரு சிறுவனின் கை சிக்கிக்கொள்கிறது, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, ரயில் நிற்கிறது, ராணுவம் வருகிறது. கதை அவ்வளவுதான், மூச்சு முட்டும்.

வரலாற்று நாவல்களில் ஒன்றைப் பரிந்துரைக்கிறேன், ஒன்றைப் பற்றி எச்சரிக்கிறேன். பரிந்துரைப்பது வேரா முதாஃப்சியேவாவின் ‘ஜெம் வழக்கு’, 1967. கான்ஸ்தாந்திநோபிளைக் கைப்பற்றிய இரண்டாம் மெஹ்மெதின் மகன் ஜெம், அண்ணன் பயெஸீதோடு அரியணைக்குப் போட்டியிட்டுத் தோற்று, ரோட்ஸ் தீவு வீரத்துறவியரிடம் அடைக்கலம் கேட்டு, அவர்கள் கையில் பணயப் பொருளாகிப் பிரான்ஸிலும் ரோமிலும் அலைக்கழிக்கப்பட்டு 1495-இல் இறந்துபோனவன். ஆட்டமன் வரலாற்று அறிஞரான முதாஃப்சியேவா, இதை ஒரு நீதிமன்ற விசாரணையாக்கி, இறந்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்; ஜெம் மட்டும் கடைசிவரை பேசுவதில்லை. அடைக்கலம் கேட்டுப் போனவனைப் பேரம் பேசும் பொருளாக்கும் அரசியல் இன்றும் மாறவில்லை என்பதால் படிக்கும்போது தேதி மறந்துவிடும். எச்சரிப்பது அன்தோன் தோன்ச்செவின் ‘பிரிவினைக் காலம்’, 1964. ரொதோப்பி மலைக் கிறித்தவர்கள் வலுக்கட்டாயமாக மதம் மாற்றப்பட்டதைச் சொல்லும், மிகவும் விறுவிறுப்பான நாவல். ஆனால் அதன் பின்புலமாகக் காட்டப்படும் பழைய ஆவணத்தின் நம்பகத்தன்மையை வரலாற்றாசிரியர்கள் மறுத்திருக்கிறார்கள். தவிர, 1980-களின் நடுவில் பல்கேரிய அரசு தன் துருக்கியச் சிறுபான்மையினரின் பெயர்களைக் கட்டாயமாக மாற்றிய காலத்தை ஒட்டி இந்த நாவல் பிரம்மாண்டமான திரைப்படமாக்கப்பட்டது. கதையை ரசியுங்கள், வரலாறு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பல்கேரியாவில் பிறந்து பல்கேரிய மொழியில் எழுதாத இருவரை விட்டுவிட்டால் சித்திரம் முழுமையாகாது. தன்யூப் கரையில் உள்ள ரூசே நகரில் 1905-இல் பிறந்து, 1981-இல் நோபல் பரிசு பெற்ற எலியாஸ் கனெட்டி, வீட்டில் ஸ்பானிய யூதர்களின் லதீனோ மொழி பேசி வளர்ந்து, ஜெர்மனில் எழுதியவர். ‘காப்பாற்றப்பட்ட நாக்கு’ என்ற அவருடைய தன்வரலாற்றின் முதற்பகுதி, ஒரே நாளில் ஏழெட்டு மொழிகள் காதில் விழும் அந்த ரூசேயைக் காட்டுகிறது. பள்ளிக்குப் போகத் தொடங்கிய உறவுக்காரச் சிறுமி லௌரிகா, நோட்டுப் புத்தகத்தில் எழுதிய எழுத்துகளைக் காட்ட மறுத்து ஓடுகிறாள். எழுத்தைக் காண ஏங்கிய ஐந்து வயதுக் கனெட்டி, விறகு பிளக்கும் ஆர்மீனியரின் கோடரியைத் தூக்கிக்கொண்டு, லௌரிகாவைக் கொல்லப்போகிறேன் என்று லதீனோவில் கத்தியபடி முற்றத்தைக் கடந்து வருகிறான். எழுத்தாசை என்றால் இதுதான்.

மற்றவர் சோஃபியாவில் பிறந்து, இன்று ஸ்காட்லாந்தில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதும் கப்கா கசபோவா. அவருடைய ‘பார்டர்’, 2017, பல்கேரியாவும் துருக்கியும் கிரேக்கமும் சந்திக்கும் எல்லைக் காடுகளில் அலைந்து எழுதிய பயண நூல். பனிப்போர்க் காலத்தில் இந்த வழியாகத் தப்பலாம் என்று நம்பி வந்த கிழக்கு ஜெர்மானிய இளைஞர்கள் சுடப்பட்ட கதையும், பிற்காலத்தில் எதிர்த்திசையில் வந்த அகதிகளின் கதையும் ஒரே நிலத்தில் சந்திக்கின்றன. அங்குள்ள ஸ்த்ராஞ்சா மலைப்பகுதியில், புனிதர் கான்ஸ்டன்டைன், ஹெலன் படங்களை ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு தணலில் நடக்கும் ‘நெஸ்தினாரி’ சடங்கைப் பற்றிய பக்கங்கள், தீமிதி பார்த்து வளர்ந்தவருக்கு மிகவும் பழகியதாகத் தோன்றும். மேளச் சத்தம்கூட உண்டு. பண்பாட்டை அறிய ஒரே ஒரு புனைவல்லாத நூல் வேண்டும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கோஸ்போதினோவ். 1968-இல் யாம்பொலில் பிறந்தவர். ‘டைம் ஷெல்டர்’ 2020-இல் பல்கேரியத்தில் வெளிவந்து, ஏஞ்செலா ரோடெலின் ஆங்கில மொழிபெயர்ப்புக்காக 2023-இல் சர்வதேச புக்கர் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டின் நெடும்பட்டியலில்தான் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யும் இருந்தது. பரிசு அறிவிக்கப்பட்ட மே 23-க்கு மறுநாள், ஸ்லாவிய எழுத்துக்கு வழிவகுத்த சகோதரர்களான சிரில், மெத்தோதியஸ் பெயரால் பல்கேரியர்கள் எழுத்துக்கும் கல்விக்கும் எடுக்கும் தேசிய விழா. தற்செயல் என்றாலும் அங்கே அதை எவரும் தற்செயலாகக் கொண்டாடவில்லை. ரோடெல் ஓர் அமெரிக்கர். பல்கேரிய நாட்டுப்பாடல்களின் குரலில் மயங்கித்தான் அந்த மொழிக்குள் வந்தவர். 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி அனுப்பிய தங்க இசைத்தட்டில் வால்யா பால்கான்ஸ்காவின் ரொதோப்பிப் பாடல் ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். மயங்கியதன் காரணம் புரியும்.

என் கணிப்பில் கோஸ்போதினோவின் ஆகச் சிறந்த நூல் பரிசு பெற்றதல்ல, அதற்கு முன்பு 2011-இல் வந்த ‘த ஃபிஸிக்ஸ் ஆஃப் ஸாரோ’. வருமானத்தோடு ஒப்பிட்டால் உலகிலேயே துயரமான இடம் பல்கேரியா என்று ஓர் ஆங்கில வார இதழ் எழுதியதை எடுத்துக்கொண்டு, அந்தத் துயரத்துக்கு உடம்பும் வரலாறும் தேடிய நாவல் அது. மாவு மில்லில் தாய் மறந்துவிட்டுப் போன மூன்று வயதுக் குழந்தையும், கிரேக்கப் புராணத்தில் புதிர்வழிக்குள் அடைபட்ட, மாட்டுத்தலை மனிதனான மினோட்டாரும் அதில் ஒரே குழந்தையாகிவிடுகிறார்கள். யோவ்கோவின் மேய்ப்பன் முணுமுணுத்த வரியைப் படித்தவருக்கு, இந்தத் துயரத்தின் பரம்பரை தெரிந்துவிடும். தந்தையின் இறப்பைப் பற்றிய ‘டெத் அண்ட் த கார்டனர்’ அண்மையில் வந்திருக்கிறது. அதைப் பிறகு படிக்கலாம்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: யோவ்கோவின் கதைகள் முதலில், அதன் பிறகு ‘பாய் கன்யோ’, அடுத்து வாசோவ், பிறகு மார்கோவைப் படித்துவிட்டு, கையிலிருக்கும் ‘டைம் ஷெல்டர்’ நாவலை நீங்கள் நிறுத்திய அதே பக்கத்தில் திறவுங்கள். ஐரோப்பிய நாடுகள் எந்தப் பத்தாண்டுக்குத் திரும்புவது என்று வாக்கெடுப்பு நடத்துகின்றன. பல்கேரியாவில் ஒரு கட்சி 1876-இன் வீரர்களாக வேடம் போட்டுக்கொண்டு வருகிறது, மறுகட்சி ஷிவ்கோவ் காலத்தைத் திரும்பக் கேட்கிறது. முதல் கூட்டத்தின் ஆவேசத்தில் வாசோவ் எழுதிய அந்தப் போதை இருப்பதும், இரண்டாம் கூட்டம் மறந்துவிட்ட விஷயங்கள் மார்கோவின் அறிக்கைகளில் எழுதப்பட்டிருப்பதும் அப்போது தெரியும். இரண்டுக்கும் நடுவில் மார்பில் அறைந்துகொண்டு நிற்பவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.